அக்னி நட்சத்திரத்தில் அடை வைக்கலாமா? கத்தரிப் பாத்தியைக் கிளறும் கோழிகளை என்ன செய்வது?

திருமங்கலம்_தோட்டக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லையில் கொஞ்சம் காய்கறி, ஓரமாக நாட்டுக்கோழி, எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன ரகம். அதில் ஒரு கருப்புப் பெட்டை இப்போது அடைக்கு வந்து, அதாவது முட்டையை அடைகாக்கத் தயாராகி, கேறிக்கொண்டே கூட்டு மூலையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கையைக் கிட்டே கொண்டுபோனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. அக்னி கழியட்டும், இப்போது வைத்தால் எல்லாம் கூமுட்டையாகத்தான் போகும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவோ, கோழிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், பேசாமல் வை என்கிறார். அடுக்களையில் ஒரு சட்டி அரிசிக்குள் முட்டை சேர்ந்திருக்கிறது, அதில் சிலது அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் இட்டது. கூட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானம் உள்ளே தலையை நீட்ட முடியாது.

அடுத்தது தோட்டம். கத்தரிக்கும் வெண்டைக்கும் தூரில் சருகு போட்டு மூடினால் கோழிகள் வந்து கிளறி வேரை வெளியே காட்டிவிடுகின்றன. மூடாமல் விட்டால் காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது. நாள் முழுக்கப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைக்க மனசு வரவில்லை. கூட்டில் சேர்ந்திருக்கிற எருவை இப்போது செடிக்குப் போடலாமா? அப்புறம் முட்டை ஓடு மெல்லிசாகிவிட்டது, எடுக்கும்போதே விரல் பட்டு அமுங்குகிறது, தீவனத்தை மாற்றவே இல்லை.

மேலூர்க்காரன்:

தங்கச்சி, உங்கள் மாமியார் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது, ஆனால் காரணம் அக்னி இல்லை, அந்த அரிசிச் சட்டி. சேவல் சேர்ந்த முட்டைக்குள் கரு தூங்கிக்கொண்டு இருக்க வேண்டுமென்றால் இருபது, இருபத்தொரு டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அடுக்களைக்குள்ளேயே முப்பதுக்கு மேல்தான் இருக்கும். அதனால் அடைக்கு வைக்காமலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, சூடு போதாமல் உள்ளேயே செத்துவிடும். அந்த முட்டையை எந்தக் கோழிக்கு அடியில் வைத்தாலும் பொரிக்காது. கோடையில் இட்டு நாலைந்து நாளுக்குள் இருக்கிற முட்டைதான் அடைக்கு ஆகும். மீதியைக் குழம்புக்கு எடுங்கள், ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு.

அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூட்டில் மட்டும் வைக்காதீர்கள். கருவுக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரி, அதைக் கோழி பார்த்துக்கொள்ளும். கூரைச் சூடு அதற்கு மேல் போய்விட்டால் கோழி எழுந்து வெளியே ஓடுமே தவிர முட்டையைக் குளிர வைக்க அதனால் முடியாது.

கீரைப்பாத்தி:

எதற்கு இந்தப் பாடு? முட்டையைப் பொரியல் செய்துவிட்டு கோழியை நாலு தரம் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுங்கள், அடை தெளிந்துவிடும். வைகாசி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாடிப்பட்டி அக்கா:

தம்பி கீரைப்பாத்தி, முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் பழைய கொடுமை. அடை தெளிய வைக்கணும் என்றால் அடியில் காற்று ஓடுகிற கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் அடைத்தால் போதும், வயிற்றுச் சூடு தணிந்து தானாக எழுந்துவிடும்.

ஆனால் நான் வைக்கத்தான் சொல்வேன். இப்போது வைத்தால் இருபத்தொரு நாளில் பொரிக்கும், குஞ்சு கொஞ்சம் தேறுவதற்குள் அக்னி கழிந்து காற்றடிக்க ஆரம்பித்துவிடும். மழைக்காலக் குஞ்சைவிடக் கோடைக் குஞ்சுக்குச் சளித் தொல்லை குறைவு. நான் செய்கிற விதம்: வாய் அகன்ற பழைய மண்சட்டியில் பாதிக்கு ஆற்று மணல், அதில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மேலே கொஞ்சம் வைக்கோல். பன்னிரண்டு முட்டை வைக்கிற கோழிக்குக் கோடையில் எட்டு, ஒன்பதுக்கு மேல் வேண்டாம், எல்லாம் அதன் இறக்கைக்குள் அடங்கணும். சட்டியை வேப்ப மரத்தடியிலோ வீட்டுத் திண்ணை மூலையிலோ வைத்து, ராத்திரி மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஒரு கல்லை ஏற்றிவிடுங்கள், எங்கள் பக்கம் கீரி அதிகம். மணல் ஓரம் காய்ந்தால் சட்டியின் ஓரத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள், முட்டை மேல் ஊற்றக் கூடாது. பக்கத்தில் சாம்பலும் கொஞ்சம் மண்ணும் கொட்டி வையுங்கள், எழுந்து வரும்போது அதில் புரண்டுகொள்ளும். உடம்பில் செல் என்கிற பொடிப்பூச்சி பிடித்துவிட்டால் எவ்வளவு நல்ல தாய்க்கோழியும் அடையை விட்டு எழுந்துவிடும்.

கோடை மழைக்கு இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று எங்கள் அப்பத்தா இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய் வற்றலும் சட்டியில் போடும். கெடுப்பது இடி இல்லை, வெக்கைதான். இருந்தாலும் நானும் போடுவேன், அப்பத்தா போட்டதை நிறுத்த மனசு வராது.

கத்தரிப் பாத்திக்குச் சருகு வேண்டாம். தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி தூரைச் சுற்றி நெருக்கமாக அடுக்குங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோழிக்குக் காலால் தள்ள முடியாத கனம். அடுக்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஊறப் போட்டால் இன்னும் நல்லது. கீரைக்கு மட்டை சரிப்படாது, சுற்றிலும் நாலு கம்பு நட்டுப் பழைய மீன் வலையைக் கட்டுங்கள்.

மேலூர்க்காரன்:

அக்கா சொன்ன மணல் சட்டி சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், காய்ப்பு முடிந்த பாத்தி ஏதாவது இருந்தால் அதைக் கொத்திவிட்டுக் கோழிகளை அங்கே விட்டுவிடுங்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு, கூட்டுப்புழுவாக மாறுவது உதிர்ந்த சருகிலும் மேல்மண்ணிலும்தான். சித்திரை உழவு பத்தரை மாத்துத் தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள், பாதி வேலையை வெயில் செய்யும், மீதியைக் கோழி செய்யும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும்போது பாத்தி சுத்தமாக இருக்கும். காலை ஏழு மணி வரைக்கும், அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல் விட்டால் போதும், நடுப்பகலில் அதுவே நிழலைத் தேடி ஒதுங்கிவிடும்.

எருவை இப்போது செடிக்குப் போடவே போடாதீர்கள். பச்சைக் கோழி எருவில் தழைச்சத்து அதிகம், அமோனியா கிளம்பி வேரைப் பொசுக்கும், இந்த வெயிலில் இலை ஓரம் கருகிவிடும். காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போட்டு, லேசாக ஈரம் காட்டி, இடையில் ஒரு தரம் புரட்டி, இரண்டு மாதம் மக்கவிட்டால் ஆடிக்குச் சரியாக வரும்.

சோழவந்தான்_நாட்டுக்கோழி:

ஓடு மெல்லிசாவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு குறைந்துவிடும். ஓடு செய்ய அதுவும் வேண்டும், அதனால்தான் தீவனம் மாறாமலேயே ஓடு மெல்லிசாகிறது. போதாததற்கு வெக்கையில் தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் சேரும், அதனால் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோடு தனித் தட்டில் வைத்தால் பலன் தெரியும். தண்ணீரை மண்கலயத்தில், நிழலில், மத்தியானம் ஒரு தரம் மாற்றி. கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, ஓரத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், காற்று மட்டும் அடைபடக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம், வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்று நோய். கோடையில் வந்தால் ஒரு தெருவையே காலி செய்துவிடும், வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி. மருந்தை ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில்தான் எடுத்துவர வேண்டும், கலக்கியதும் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும், வெயிலில் கையில் வைத்துக்கொண்டு திரிந்தால் அது வெறும் தண்ணீர்தான். பெரிய கோழிகளுக்கு பிப்ரவரி முகாமில் போட்டீர்களா?

திருமங்கலம்_தோட்டக்காரி:

அரசு முகாமில் எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று அண்ணே. சட்டியும் மணலும் தயார், மூன்று பெட்டைகள் இப்போது இடுகின்றன, இன்றைக்கு இட்டதிலிருந்து எடுத்து வைக்கப் போகிறேன். எட்டு சேரும் வரைக்கும் இந்தக் கருப்பி பொறுத்திருக்குமா?

வாடிப்பட்டி அக்கா:

இருக்கும் தங்கச்சி. அது வரைக்கும் சட்டியில் இரண்டு கூமுட்டையைக் கரியால் கோடு போட்டு வைத்துவிடுங்கள், அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். எட்டும் சேர்ந்ததும் ராத்திரியில், விளக்கைக் குறைத்துவிட்டு, பழசை எடுத்துப் புதுசை ஒரே தடவையாக வையுங்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பொரிப்பதும் முன்னே பின்னே ஆகி, முதலில் வந்த குஞ்சுகளோடு கோழி எழுந்துபோய்விடும். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள், வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.