தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு உறவுகள் குழு: சிலிங்கில் தேனீ

கமலா அத்தை: பிள்ளைகளா, எங்கள் பின் காம்பராவில் தகரத்துக்கும் சிலிங்குக்கும் நடுவில் குளவி வந்து கூடு கட்டியிருக்கிறது. ஒரே இரைச்சல். சின்னவனை உள்ளே படுக்க வைக்கப் பயமாக இருக்கிறது.

ராசு மாமா: ராத்திரி வருகிறேன். மண்ணெண்ணெய்ப் பந்தம் ஒன்று காட்டினால் கதை முடிந்தது.

செல்வி: கூரைக்குள் பந்தமா? மாமா, வரிசை வீடு எல்லாம் சேர்த்து முழு லயத்துக்கும் ஒரே கூரை!

ராசு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: அத்தை, கிட்டப் போகாமல் அது போய் வருகிற ஓட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கமலா அத்தை: [படம்]

தினேஷ்: குளவி இல்லை அத்தை, தேனீ. நான் பெட்டியில் வளர்க்கிற அதே சின்ன இனம். காலில் மஞ்சள் உருண்டை தெரிகிறதா? மகரந்தம். அதை உள்ளே கொண்டுபோகிறது என்றால் புழு வளர்க்கிறது, குடியேறிவிட்டது என்று அர்த்தம். இடம் தேடி வழியில் தங்கும் கூட்டம் என்றால் கிளையில் கொத்தாகத் தொங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும். இது போகாது.

ராசு மாமா: அப்போது மருந்து அடிப்போம்.

தினேஷ்: தேனீ செத்தாலும் தேனடை உள்ளேதானே மாமா கிடக்கும்? விசிறிச் சூட்டைத் தணிக்க ஆளில்லாமல் தகரச் சூட்டில் மெழுகு இளகி, தேன் சிலிங் வழியாக ஒழுகும். எறும்பு வரும், எலி வரும். மற்றக் கூட்டுத் தேனீயும் அந்தத் தேனைத் திருட வந்து சாகும். ஒழுகுவதைச் சின்னவன் தொட்டு நக்கினால் என்ன செய்வீர்கள்?

கமலா அத்தை: ஐயோ வேண்டாம் சாமி. நீயே வா.

தினேஷ்: ஞாயிறு பண்டாரவளையிலிருந்து பெட்டியோடு வருகிறேன். அதுவரை ஓட்டையை அடைக்காதீர்கள். அடைத்தால் பலகை இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கும்.

செல்வி: கொட்டிவிட்டால்?

தினேஷ்: கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போ. கொட்டிய இடத்து வாசம் மற்றத் தேனீயையும் கூப்பிடும். மூச்சு வாங்கினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடி.

*ஞாயிறு*

செல்வி: [படம்] [படம்] வராதவர்களுக்குச் சொல்கிறேன். பலகையைக் கழற்றினால் வரிசையாக அடைகள்! தினேஷ் அண்ணன் தேங்காய் மட்டைப் புகையை மெல்லக் காட்டி, ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ளதை மட்டும் பெட்டியின் மரச் சட்டத்தில் வைத்து வாழை நாரால் கட்டினார். ராணியைத் தேடித்தான் நேரம் போனது. மற்றதைவிட நீளம், கறுப்பு. அதைப் பெட்டிக்குள் விட்டதும் வாசலில் கொஞ்சம் தேனீ வாலைத் தூக்கிக்கொண்டு சிறகடித்தது. அது வாசம் விட்டுக் கூப்பிடுகிறதாம். நம்பமாட்டீர்கள், சிலிங்கில் மிச்சம் இருந்ததெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து பெட்டிக்குள் போனது!

ராசு மாமா: எனக்கு ஒன்றுதான் கொட்டியது.

செல்வி: புகைக்கு முன்னாலேயே எட்டிப் பார்த்தீர்களே மாமா 😄

கமலா அத்தை: பெட்டியை இங்கேயே கொய்யா மரத்தடியில் வைத்தால் என்ன? அப்பாயி கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் மண் முட்டியைக் கவிழ்த்து வைத்துத் தேன் எடுப்பார்களாம்.

தினேஷ்: இப்போது வேண்டாம் அத்தை. நாலு எட்டுத் தள்ளி வைத்தால் வெளியே போனவை பழைய ஓட்டைக்கே திரும்பும். இருட்டியதும் வாசலை மூடி பண்டாரவளைக்கே கொண்டுபோகிறேன். சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் போதும், சிவப்பு அதற்குத் தெரியாது. முதல் சில நாள் ராணி வெளியேற முடியாத தகடு போட்டு, சீனிப்பாகு வைப்பேன். இந்த இனம் கோபித்துக்கொண்டு கூட்டோடு ஓடிவிடும். அப்பாயிக்கு வளர்க்க ஆசை என்றால் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது, கேட்டுப் பார்ப்போம்.

பலகையில் ஒட்டியிருக்கும் மெழுகை முழுதாகச் சுரண்டிவிட்டு ஓட்டையை அடையுங்கள். வாசம் இருந்தால் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

ராசு மாமா: தம்பி, தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து யூகலிப்டஸில் தொங்குகிறதே, அதையும் பிடித்துவிடேன்.

தினேஷ்: அது மலைத்தேனீ மாமா. ஒரே பெரிய அடை, வெட்டவெளியில் தொங்கும். பெட்டியில் இருக்காது, கிளப்பிவிட்டால் கூட்டமாகத் துரத்தும். நான் மாட்டேன். பூ முடிந்தால் அதுவாக இடம் மாறிவிடும். அதுவரை அந்தப் பக்கம் கொழுந்து பறிக்க ஆள் விட வேண்டாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள். புகை, கல் எதுவும் வேண்டாம்.

ராசு மாமா: சரி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டில் சொல்கிறேன்.