புதுப்பிப்பு: மண் அணையின் அடியில் கசிவு, இப்போதைய நிலை

எங்கள் நிலத்துச் சின்ன மண் அணையின் வெளிச்சரிவு அடியில் நீர் கசிகிறது, பயப்பட வேண்டுமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பொறியாளர் வந்து பார்த்துவிட்டார்.

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யுமாம். தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். சற்று நேரத்தில் அடியில் மெல்லிய வண்டல் படிந்தது. உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். 1976இல் அமெரிக்காவின் டீட்டன் அணை உடைந்ததும் உள்ளரிப்பால்தான்.

கசிவைக் களிமண் போட்டு அடைக்கச் சிலர் பதிலில் சொல்லியிருந்தீர்கள். வெளிப்பக்கம் அடைக்கவே கூடாதாம். அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்பினோம். நீர் வெளியேறும், மண் நிற்கும். மதகைத் திறந்து நீர்மட்டத்தையும் குறைக்கிறோம், ஆனால் மெதுவாக. சட்டென்று இறக்கினால் ஊறிப்போன உட்சரிவு சரிந்துவிடும்.

கரைமேல் உள்ள மரங்களை வெட்டிவிடலாமா என்று கேட்டவருக்கு: வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், அது மக்கி நீருக்கு வழி திறந்துவிடும். அதனால் மரம் வெட்டுவது அப்புறம். கலிங்கை (மிகுதி நீர் வழிந்தோடும் இடத்தை) அடைத்திருந்த புதரை மட்டும் உடனே எடுத்தாயிற்று.