கலைச்சொல் உதவி: காரில் 'எர்த்' என்பதற்குத் தமிழ் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக, காரின் முகப்புப் பலகை அளவிகளில் பழுதறிவது பற்றிய சிறு கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய நிலையில் ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

பயிற்சிக்கு நிற்கும் பழைய காரில், தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் அளவியின் முள் கால் பங்கைத் தாண்டவில்லை. தொட்டியிலுள்ள மிதவை அலகிலிருந்து கம்பியைக் கழற்றியதும் முள் அடிக்கோட்டில் படுத்தது. அதே கம்பியைச் சில நொடிகள் மட்டும் வண்டித் தகட்டில் தொட்டுப் பிடித்தபோது மேலே ஏறியது. ஆகவே அளவியும் கம்பியும் நலம். மிதவை அலகின் விளிம்பிலிருந்து தகட்டுக்குத் தனிக் கம்பி ஒன்றைப் பிடித்தோம். அளவிக்குள் முள்ளை நகர்த்தும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைய வேண்டுமாகையால், முள் மெல்ல நகர்ந்து முழுக்கோட்டில் நின்றது. குற்றவாளி, விளிம்புத் திருகின் அடியிலிருந்த துரு.

மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியே மின்கலத்துக்குத் திரும்பிச் செல்லும் இந்த 'எர்த்' வழியைப் 'புவி இணைப்பு' என்று எழுதியிருந்தேன். வீட்டு மின்னமைப்பில் அச்சொல்லைப் படித்திருந்த மாணவர் ஒருவர், காரின் அடியில் குனிந்து தரைக்குப் போகும் கம்பியைத் தேடினார். நான்கு ரப்பர் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் புவிக்கும் என்ன இணைப்பு?

— கையேடு எழுதுபவர்

ஐயா, மின்கலத்தின் எதிர்முனைதானே உடலோடு சேர்க்கப்படுகிறது? 'எதிர்முனை இணைப்பு' என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

— மின்னணுவியல் மாணவர்

குழப்பம் அதில்தான் தொடங்கும், தம்பி. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல ஆங்கிலேயக் கார்களில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருந்தது. அத்தகைய வண்டியில் உங்கள் சொல்லை நம்பி வேலை செய்பவர் கருவியைப் பொசுக்கிவிடுவார். ஜெர்மானியர் புவியை இழுக்காமல் 'மாஸே' என்று உலோகத் திரளையே சுட்டுகிறார்கள். நாமும் 'உடல் இணைப்பு' எனலாம் என்று சொல்ல வந்தேன். வகுப்பில் எழக்கூடிய சிரிப்பை எண்ணித் திரும்பப் பெறுகிறேன். 'தகட்டு இணைப்பு' எனலாமா?

— ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

தகடு போதாது. வெப்ப அளவியின் உணரி எஞ்சினில் திருகப்படுகிறது. அதன் திருகுமரையே இணைப்பு. நீர் கசியக்கூடாதென்று மரையில் டெஃப்லான் நாடாவை அளவின்றிச் சுற்றியதால், எஞ்சின் கொதித்தும் முள் அசையாத வண்டி எங்கள் பட்டறைக்கு வந்ததுண்டு. அங்கே தகடு எங்கே? 'எர்த்' என்றே எழுதுங்கள்; எவருக்கும் விளங்கும்.

— பட்டறை நடத்துபவர்

எவருக்கும் விளங்கும் என்பதை ஏற்க இயலவில்லை. தங்கள் பட்டறையிலேயே 'எர்த் ஆகுது' என்றால் மின்சாரம் கசியும் பழுது. 'எர்த் வரல' என்றால் வேண்டிய இணைப்பு இல்லாத பழுது. ஒரே சொல் நோயாகவும் மருந்தாகவும் நிற்கிறது.

'உடல்' என்பதோடு 'தொடுப்பு' சேர்ந்தால் 'உடற்றொடுப்பு' என்றுதான் புணரும், 'உடற்தொடுப்பு' பிழை. இந்தத் தொல்லை நமக்கு வேண்டாம். பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை வருணிக்குமிடத்தில் 'எழூஉப்புணர்ந் தன்ன பரூஉக்கை நோன்பார்' என்கிறது. இங்கே பார் என்பது வண்டியின் நெடிய அடிப்பரப்பு. அதே பார் உலகையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லின் புவியும் வண்டியின் உடலும் ஓரெழுத்தும் கூடாமல் ஒரு சொல்லில் கூடியிருக்க, நாம் ஏன் அலைய வேண்டும்? 'பார்த்தொடுப்பு' என்க.

— தமிழாசிரியர்

அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் 'முதலில் பார்த்தொடுப்பைப் பார்' என்று கையேட்டில் எழுதினால், பையன் எதைப் பார்ப்பான்? 'உடற்றொடுப்பு' இன்னும் மோசம். ஏதோ தோல் நோய் போல ஒலிக்கிறது.

— பட்டறை நடத்துபவர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. தகடு, எஞ்சின் இரண்டையும் அடக்குவதால் 'வண்டித்தொடுப்பு' என்று முடிவு செய்திருக்கிறேன். மூவர் ஏற்றனர், மற்றவர்கள் மௌனம். முதல் இடத்தில் 'பட்டறையில் எர்த் எனப்படும் வண்டித்தொடுப்பு' என்று வரும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருசேர மிகுதியாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியின் வண்டித்தொடுப்பைச் சோதிக்க வேண்டும் என்ற வரியில் சொல்லை வைத்துப் பார்த்தேன், இடறவில்லை.

— கையேடு எழுதுபவர்

இடறவில்லை, ஆயினும் எனக்கு அது காளையை வண்டியில் பூட்டும் கயிறாகவே கேட்கிறது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு எப்போது?

— தமிழாசிரியர்