புதிய கேமராவின் ரா கோப்புகளைப் பழைய லைட்ரூமில் திறப்பது எப்படி?

நிழல்வெளி (கேள்வி):
கேனன் 6டி கேமராவையும், ஒரே தவணையில் விலை கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6 படத்திருத்த மென்பொருளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் கேனன் ஈஓஎஸ் ஆர்6 வாங்கினேன். அதன் ஜேபெக் படங்கள் லைட்ரூமில் சிக்கலின்றி ஏறுகின்றன. ரா கோப்புகளுக்கோ (சென்சாரின் தரவு அப்படியே பதிவாகும் கோப்புகள்), அவை ஆதரிக்கப்படாதவை அல்லது சிதைந்தவை என்ற அறிவிப்பே வருகிறது. ஆனால் அதே படங்கள் கேமராவின் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. மெமரி கார்டில் கோளாறு இருக்குமா? சந்தா கட்டாமல் இதற்கு வழி உண்டா?

மணல்மேடு:
கார்டின் மேல் பழி இல்லை, நண்பரே. கேமராத் திரையில் நீங்கள் பார்ப்பது ரா கோப்புக்குள் முன்னோட்டத்துக்காக வைக்கப்பட்டிருக்கும் ஒரு ஜேபெக் படம். சென்சார் பதிவு செய்த தரவு வேறு. அந்தத் தரவைப் படிக்கும் முறையை ஒவ்வொரு கேமராவுக்கும் மென்பொருள் தனியாக அறிந்திருக்க வேண்டும். லைட்ரூம் 6-க்கு வந்த கடைசிப் புதுப்பிப்பு, 2017 டிசம்பரில் வெளியான 6.14. உங்கள் கேமராவோ 2020-இல் வந்தது.

6டி எழுதிய சிஆர்2 என்ற ரா கோப்பு, டிஃப் என்னும் படக்கோப்பு அமைப்பைத் தழுவியது. 2018-இல் எம்50 கேமராவோடு கேனன் கொண்டுவந்த, உங்கள் ஆர்6-உம் எழுதும் சிஆர்3, எம்பி4 காணொளிக் கோப்புகளின் அடிப்படை அமைப்பைத் தழுவியது. ஆகவே கோப்பின் பின்னொட்டை மாற்றுவதாலோ, கேமராவில் சி-ரா என்னும் சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதாலோ பயன் இல்லை, சி-ராவும் சிஆர்3-தான். கோப்பில் உள்ள கேமராப் பெயரைப் பழைய மாடலின் பெயராக மாற்றும் தந்திரத்தையும் சிலர் சொல்வார்கள். உள்ளமைப்பு மாறாத சில கேமராக்களில் அது கோப்பைத் திறந்துவிடும் என்றாலும், வேறொரு சென்சாருக்கான நிற அளவீடுகள் பொருத்தப்படுவதால் தோலின் நிறம் திரிந்துபோகும். உங்கள் கோப்புக்கு அந்த அளவுக்குக்கூட அது உதவாது.

கருங்கல்:
லைட்ரூமை உருவாக்கிய அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. புதிய ரா கோப்புகளை, பழைய லைட்ரூமும் படிக்கும் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு அது மாற்றித் தரும். அதன் அமைப்புகளில் ‘கேமரா ரா 7.1-உம் அதற்குப் பிந்தையவையும்’ என்ற பொருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள் (கேமரா ரா என்பது ரா கோப்புகளைப் படிக்கும் அடோபியின் நிரல்). இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2023-இல் வந்த டிஎன்ஜி 1.7 வடிவம் ஜேபெக் எக்ஸ்எல் சுருக்கத்துக்கு இடம் தருகிறது. அப்படிச் சுருக்கிய கோப்பைப் பழைய லைட்ரூமால் படிக்க இயலாது. தரம் குறைக்கும் சுருக்கத்தையும் ‘லீனியர்’ என்ற தேர்வையும் தொடாதீர்கள்.

இன்னொன்று: அந்த மென்பொருள் தனித்தனிக் கோப்புகளைக் கேட்காது, கோப்புறையைத்தான் கேட்கும். கோப்புறையைத் திறந்து உள்ளே போனால் படம் எதுவும் காட்டாது; வெளியே நின்றபடியே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கேமராவுக்கான நிற அளவீடுகள் டிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், ஆர்6 என்ற பெயரையே அறியாத லைட்ரூமும் நிறங்களைச் சரியாகக் காட்டும்.

நிழல்வெளி:
விளக்கங்களுக்கு நன்றி. என் கணினி விண்டோஸ் 7-இல் இயங்குகிறது. கன்வெர்ட்டரின் தற்போதைய பதிப்பை அது நிறுவ விடவில்லை. மேலும், டிஎன்ஜி கிடைத்தபின் சிஆர்3 கோப்புகளை அழித்துவிடலாமா?

மணல்மேடு:
விண்டோஸ் 10 உள்ள வேறொரு கணினியில் மாற்றி, டிஎன்ஜி கோப்புகளை மட்டும் உங்கள் கணினிக்குக் கொண்டுவாருங்கள். அவற்றைத் திறக்க லைட்ரூம் 6 போதும். கேனனின் இலவச மென்பொருளான டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபஷனலில் 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றுவதும் ஒரு வழியே. ஆனால் 20 மெகாபிக்சல் படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 எம்பி இடத்தை விழுங்கும். வெள்ளைச் சமநிலையைப் பின்னர் மாற்றும் தாராளமும் குறைந்துவிடும். ஓரிரு படங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கருங்கல்:
சிஆர்3 கோப்புகளை அழிக்க வேண்டாம். கேனனின் மென்பொருள் டிஎன்ஜியைத் திறக்காது. நாளை அதன் நிறங்கள்தாம் வேண்டும் என்று தோன்றினால் மூலக் கோப்பு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மூலக் கோப்பை டிஎன்ஜிக்குள் பொதிந்து வைக்கும் தேர்வும் கன்வெர்ட்டரில் உண்டு. ஆனால் கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகப் பெருத்துவிடும் என்பதால், தனி ஹார்டு டிஸ்கில் வைப்பதே மேல்.