ஒரு கிளாஸ் கோக்கில் வாழ்க்கை போய்விடுமா?

நூற்புழு:
பதின்வயதினர் நாவலில் போதையைத் தொட்டால் ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ மாதிரி பயமுறுத்தித்தான் எழுத வேண்டும் என்று கதிர்மதி நேற்று வேறொரு இழையில் அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1971-இல் ஆசிரியர் பெயர் போடாமல், ஒரு பெண்ணின் உண்மை நாட்குறிப்பு என்று சொல்லி விற்ற புத்தகம் அது. விருந்தில் கோக் குடிக்கிறாள், அதில் எல்எஸ்டி என்ற போதை வஸ்து கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு கிளாஸில் ஆரம்பித்த சறுக்கல் கடைசிப் பக்கத்தில் சாவில் முடிகிறது. ஆனால் ஹெராயின் மாதிரி எல்எஸ்டி உடலை அடிமையாக்காது சார்.

கதிர்மதி:
எல்எஸ்டியோடு நின்றாளா அவள்? ஹெராயின் வரை போகிறாள். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

நூற்புழு:
இரண்டு முறை படித்தவனிடம் இதைச் சொல்லாதீர்கள். நான் கேட்டது கோக் கிளாஸைப் பற்றி. தெரியாமல் குடித்தாள் என்று எழுதிவிட்டால், ஒரு பிள்ளை ஏன் தானே கை நீட்டுகிறது என்பதை எழுத்தாளர் எழுதவே வேண்டாம். தப்பித்துவிட்டார்.

மாலா டீச்சர்:
தலைப்பை விட்டு வருகிறேன், மன்னிக்கவும். போன இழையில் இரண்டு பேருமே ‘போதை மருந்து’ என்றுதான் எழுதினீர்கள். மருந்தா அது? போதைப்பொருள் என்று எழுதுங்கள்.

வெயிலோன்:
டீச்சர், வலி மாத்திரை மருந்துதானே? அதற்கும் அடிமையாகிறார்களே.

மாலா டீச்சர்:
சொல்லைத் திருத்தினால் உடனே உங்களுக்குக் கோபம். போன வருடமும் இதே கதைதான், மறக்கவில்லை.

கதிர்மதி:
கோக்கிலேயே நிற்பவருக்கு வேறு உதாரணம் தருகிறேன். பெர்லினில் 13 வயதில் ஹெராயின் தொட்ட கிறிஸ்டியானே எஃப். கதை 1978-இல் புத்தகமாக வந்தது. அதுவும் பயங்கரம்தான், முழுக்க உண்மை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

நூற்புழு:
அவள் கிளாஸில் யாரும் எதையும் கலக்கவில்லை என்று சொல்வேன். தோழர்கள் எடுத்தார்கள், அவளும் எடுத்தாள். சாகவும் இல்லை, 2013-இல் இன்னொரு புத்தகமே எழுதினாள். நீங்கள் கொண்டாடும் நாட்குறிப்பின் பிந்தைய பதிப்புகளில் இது புனைவு என்று அச்சடித்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

என் தம்பிக்குப் 17 வயது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில்தான் ஆரம்பித்தது. அட்டையின் பின்பக்கத்தைப் பிளேடால் கீறி மாத்திரையை எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு சத்து மாத்திரையை உள்ளே வைத்து, தாளை நகத்தால் நீவி ஒட்டியிருந்தான். அம்மா தினமும் எண்ணிப் பார்ப்பார், கணக்கு சரியாகவே இருக்கும். அந்த நகம் எந்த நாவலில் வருகிறது, சொல்லுங்கள்?

வெயிலோன்:
எலன் ஹாப்கின்ஸின் ‘கிராங்க்’ படித்தீர்களா? 2004-இல் வந்தது. மகள் மெத் என்ற போதைப்பொருளுக்கு அடிமையானதை வைத்துக் கவிதை நடையில் எழுதியது. அதில் வரும் பெண் தனக்குள் இருக்கும் இன்னொருத்திக்குப் பெயரே வைத்திருப்பாள்.

நூற்புழு:
அதைத்தான் சொல்கிறேன்! அங்கே கை நீட்டுவது அவளேதான். கோக் கிளாஸ் இல்லை.

கதிர்மதி:
உங்கள் தம்பிக்காக உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் அவனும் டாக்டர் கொடுத்து, தெரியாமல்தானே தொடங்கினான்? அதுவும் உங்கள் கோக் கிளாஸ்தான்.

நூற்புழு:
இல்லை. முதல் மாத்திரையைத்தான் டாக்டர் கொடுத்தார். பிளேடை எடுத்தது அவன்.

மாலா டீச்சர்:
வெயிலோன், என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.