பஸ் ஸ்டாண்டில் தனியாக இருக்கும் அம்மா: யாரைக் கூப்பிடுவது?

ரீசார்ஜ்கடை, விழுப்புரம்:
பொங்கலுக்கு அப்புறம் எங்கள் கடைக்கு எதிரே ஒரு அம்மா படுத்துக் கிடக்கிறார். ஐம்பது வயது இருக்கும். தனக்குள்ளேயே பேசுகிறார், இந்தி மாதிரி இருக்கிறது. காசு கொடுத்தால் வீசிவிடுகிறார். நேற்று ரெண்டு பையன்கள் கேமராவோடு வந்து, குளிப்பாட்டி முடி வெட்டி வீடியோ போடப் போகிறோம் என்றார்கள். விரட்டிவிட்டேன். போலீஸுக்குச் சொன்னால் அடித்துத் துரத்துவார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?

டீக்கடை பெஞ்ச்:
108-க்கு அடித்துவிட்டு வேலையைப் பாருங்க பாஸ். தலையிட்டால் நமக்குத்தான் ஸ்டேஷன் அலைச்சல்.

ரிட்டயர்டு கண்டக்டர்:
தம்பி, காயம், காய்ச்சல் என்றால் 108 சரி. மற்றபடி இது போலீஸ் செய்தே ஆக வேண்டிய வேலை, நாம் கெஞ்சிக் கேட்கும் தயவு இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 100-வது பிரிவில் இருக்கிறது: இப்படித் திரிகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடு வாசல் இல்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு.

அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் பேச வேண்டுமே. நைட் சர்வீஸில் இப்படி ஏறி மூலையில் ஒடுங்குகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். கையைப் பிடித்து எழுப்பினால் அலறுவார்கள். நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள். ரெண்டு டீ வாங்கி ஒன்றை அவர் பக்கம் வைத்துவிட்டு, மற்றதை நீங்கள் குடியுங்கள். குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் பானிபூரி வண்டிக்காரர் இருந்தால் கூட்டிவந்து பேச வையுங்கள். ஊர் மட்டும் கேட்டால் போதாது, 'ஜில்லா', 'தானா' (அதாவது போலீஸ் ஸ்டேஷன்) ரெண்டும் கேட்கச் சொல்லுங்கள். வடக்கே விலாசத்தில் தானா பெயரும் வரும், அதை வைத்துத் தேடலாம்.

அந்தப் பையன்களை விரட்டியது ரொம்பச் சரி. சடையும் பேனும் இருக்கும்தான். அதற்காக நடுரோட்டில் கேமரா முன்னால் மொட்டை அடிப்பதா சேவை? ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

ஓசூர்க்காரி:
கண்டக்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆண்கள் மட்டும் சுற்றி நிற்காதீர்கள், பூக்கார அக்கா யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அவருக்கு என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெண் போலீஸ் வேண்டும் என்று கேளுங்கள். பெண்களுக்கான 181, மனநலத்துக்கான 14416 ரெண்டிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் பான்யன் அமைப்பு 1993-ல் தெருவில் திரிந்த பெண்களுக்காகவே தொடங்கியது, அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

ரீசார்ஜ்கடை, விழுப்புரம்:
பானிபூரி அண்ணன் பேசினார். பீகாராம். ஜில்லா பெயர் சொல்லிவிட்டார், தானா வரவில்லை. டீ குடித்தார், சர்க்கரை அதிகம் என்று திட்டவும் செய்தார். ஸ்டேஷனில் வாயால் சொன்னால் போதுமா?

ரிட்டயர்டு கண்டக்டர்:
எழுதிக் கொடுங்கள் தம்பி. சட்டப் பிரிவு எண், ஜில்லா பெயர் ரெண்டும் அதில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்று ஒரு சீட்டு, கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். எப்போது என்று அங்கேயே கேளுங்கள். பானிபூரிக்காரரையும் கூட்டிப் போங்கள், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.