கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங்’ 19,500 போட்டிருக்காங்க, கொடுத்தே ஆகணுமா?

கோவை_டிரைவர்:
1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். டீலர் கொடுத்த கொட்டேஷன்: எக்ஸ்-ஷோரூம் 9,80,000, ஆயுள் வரி 1,27,400, இன்சூரன்ஸ் 54,000, ‘பதிவு, ஹேண்ட்லிங்’ 19,500, ‘எசென்ஷியல் கிட்’ 14,900. கம்பெனி வெப்சைட்ல புக் பண்ணினாலும் கடைசியில இதே ஷோரூம்லதான் கொண்டு வந்து விடுது. இன்சூரன்ஸை வெளியே எடுத்தா தள்ளுபடி இல்லைங்கறாங்க. இதுல எதுங்க கட்டாயம்? அலாய் வீல் இருக்கிற 10,40,000 வேரியண்டுக்குப் போகலாமான்னும் யோசனை.

வரிக்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு முதலில். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 5–10 லட்சத்துக்கு 13%, 10–20 லட்சத்துக்கு 18%. பத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். ஆக 10,40,000-க்கு வரி 1,87,200. விலை 60,000 ஏறினால் வரியும் 59,800 ஏறுகிறது! பத்து லட்சம் தாண்டினால் 1% டிசிஎஸ் (டீலர் உங்களிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் வரி) வேறு. அதை வருமான வரி ரிட்டர்னில் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலாய் வீலுக்காக இவ்வளவு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

19,500-க்கு வருவோம். சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, வங்கிக் கடன் இருந்தால் ஹைப்பாதிகேஷன் (கடனை ஆர்சியில் பதிவது) 1,500. சாலைப் பாதுகாப்பு வரி தனி. இதற்கெல்லாம் அரசு ரசீது உண்டு. ஷோரூம் வரை வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். வாயால் கேட்டால் ‘ஹேண்ட்லிங்’ போய் அதே தொகை ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனி ரசீது தருவீர்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கிட் கட்டாயமே இல்லை. மேட்டும் மட்ஃப்ளாப்பும் வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

பாலிசி_பார்வை:
இன்சூரன்ஸை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், தடையில்லை. 1000–1500 சிசிக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புப் பிரீமியம் 10,640, ஜிஎஸ்டி தனி. இது அரசு நிர்ணயித்தது, எங்கும் மாறாது. வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆனிலும்தான்.

ஒப்பிடும்போது ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை) சமமாக இருக்கட்டும். புது வண்டிக்கு வழக்கமாக எக்ஸ்-ஷோரூமில் 95%, உங்களுக்கு 9,31,000. அதைக் குறைத்துப் போட்டுப் பிரீமியம் மலிவு என்று காட்டுவது பழைய வித்தை. வெளியே பாலிசி எடுக்கச் சேசிஸ் எண், இன்ஜின் எண் வேண்டும். முழுப் பணமும் கட்டும்வரை அதைத் தராமல் இழுப்பார்கள். வண்டி ஒதுக்கிய அன்றே கேட்டுவிடுங்கள். ‘எங்ககிட்ட எடுக்கலைன்னா கேஷ்லெஸ் கிடையாது’ என்பார்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒப்பந்தம் இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும், பாலிசி விற்றவர் யாராக இருந்தாலும்.

ஆனால் வீம்புக்கு வெளியே எடுக்காதீர்கள். பிரீமியத்தில் மிச்சம் 15,000, போகிற தள்ளுபடி 25,000 என்றால் டீலரிடமே எடுப்பதுதான் லாபம்.

கோவை_டிரைவர்:
நன்றிங்க. வண்டியை எப்போ செக் பண்றது? டெலிவரி அன்னைக்குத்தான் காட்டுவோம்ங்கறாங்க.

யார்டு_செக்:
அதுக்கு ஒத்துக்காதீங்க. பதிவு எண் விழுந்துட்டா அப்புறம் வண்டியை மாத்தித் தர மாட்டாங்க. பதிவுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல, கழுவின வண்டியா பாருங்க. கம்பெனி தர்ற சான்று, படிவம் 22-ல உற்பத்தி மாசம் இருக்கும். அதேதான் ஆர்சியிலயும் ஏறும், விக்கும்போது அதை வச்சுத்தான் விலை பேசுவாங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 3225-னா 2025-ல 32-வது வாரம். வண்டி தயாரான மாசத்துக்கு அப்புறம் செஞ்ச டயர் இருந்தா மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். பானெட், கதவு கீல் போல்ட்டுத் தலையில பெயின்ட் உரிஞ்சிருந்தா அந்த பேனலைக் கழட்டியிருக்கலாம், வண்டியே வேண்டாம்னு சொல்லிடுங்க. ரொம்ப நாள் யார்டுல நின்ன வண்டியில பேட்டரிதான் முதல்ல போகும்: இன்ஜினை அணைச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு மல்ட்டிமீட்டர் வைங்க, 12.4 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா புது பேட்டரி கேளுங்க. பிரேக் டிஸ்க்ல லேசா துரு தெரிஞ்சா பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் அடிச்சா போயிடும்.

பார்த்த வண்டியோட சேசிஸ் நம்பரைப் போட்டோ எடுத்துக்கோங்க. இன்வாய்ஸ்ல அதே நம்பர் இருந்தா மட்டும் மீதிப் பணம்.